வேலிக்கு வேலி, காய்க்குக் காய்: வீட்டுத் தோட்டத்தில் களாச் செடி

திண்டுக்கல் சுற்று வட்டாரத்தில் வீட்டையொட்டி ஐந்து சென்ட், பத்து சென்ட் தோட்டம் வைத்திருக்கும் விவசாயிகளைக் கேட்டால், பெரும்பாலோர் சொல்லும் குறைகள் இரண்டு. கோடையில் கிணற்றில் நீர் நிற்பதில்லை என்பது ஒன்று. வைத்த செடியை ஆடு விட்டுவைப்பதில்லை என்பது மற்றொன்று. வேடசந்தூர், வடமதுரை, நத்தம் பக்கம் ஆடு இல்லாத தெரு கிடையாது. முள்கம்பி வேலி போடலாம் என்றால் கல்லுக்காலும் கம்பியும் கூலியும் சேர்ந்து, தோட்டத்தில் பல ஆண்டுகள் விளையும் காய்கறியின் விலையை விழுங்கிவிடுகின்றன.

இவ்விரண்டு குறைகளுக்கும் ஓரளவு பரிகாரமாக அமையக்கூடிய செடி ஒன்று நம் ஊர்க் கரடுகளிலேயே இருக்கிறது. அதுதான் களா. சில ஊர்களில் கிளாக்காய் என்றும் சொல்வார்கள். ஆடு புகாத முள்வேலியாகவும் ஊறுகாய்க்குக் காய் தரும் செடியாகவும் இது பயன்படும். ஆனால் களாவை நட்டவர்களில் பலர், “வேலி வந்தது, காய் வரவில்லை” என்கிறார்கள். வேறு சிலர், “காட்டுச் செடிதானே என்று நட்டோம், முதல் கோடையிலேயே காய்ந்துவிட்டது” என்கிறார்கள். இவ்விரு தவறுகளும் எதனால் நேர்கின்றன, அவற்றைத் தவிர்ப்பது எப்படி என்பதை இக்கட்டுரையில் விளக்கமாகக் காண்போம்.

செடியும் அதன் உறவும்

மேனாட்டுத் தோட்டக்கலை நூல்களைப் புரட்டினால், வீட்டுத் தோட்டத்துக்கு ஏற்ற பழப்புதர் என்று ‘கரண்ட்’ என்னும் செடியைப் புகழ்ந்திருப்பதைக் காணலாம். இது மின்சாரம் அன்று. கொத்துக் கொத்தாகக் கறுப்பு அல்லது சிவப்பு நிறத்தில் சிறு பழங்கள் தரும் புதர்ச்செடி. குளிர்காலத்தில் பல வாரங்கள் கடுங்குளிர் பட்டால்தான் அது பூக்கும். சித்திரையில் 38 பாகை செல்சியசையும் தாண்டிக் காயும் திண்டுக்கல் சமவெளிக்கு அது ஆகாது. கடைகளில் அதே பெயரில் விற்கும் உலர்ந்த பழம் வேறு. அது கிரேக்க நாட்டுச் சிறு திராட்சையின் வற்றல். கொரிந்து என்ற கிரேக்க நகரின் பெயரே திரிந்து ‘கரண்ட்’ ஆயிற்று.

ஆங்கிலேயர் நம் நாட்டுக்கு வந்தபோது, களாச் செடியைக் கண்டு அதற்கு ‘வங்காளக் கரண்ட்’ என்று பெயரிட்டார்கள். புளிப்பும் துவர்ப்பும் கலந்த சிறு பழம், புதராக வளரும் செடி என்ற ஒற்றுமையே காரணம். தாவர நூலின்படி இரண்டுக்கும் உறவில்லை. களா, அரளிக் குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் தாவரப் பெயர் காரிசா கரண்டாஸ்.

களா எப்போதும் பசுமையாக இருக்கும் புதர்ச்செடி. விட்டுவிட்டால் 10 அடி உயரத்துக்கும் மேல் வளரும். கிளைகளில் முட்கள் இரண்டிரண்டாக, உறுதியாக இருக்கும். எந்தப் பகுதியை ஒடித்தாலும் வெள்ளைப் பால் வடியும். பூக்கள் மல்லிகை போல் வெண்மையாக, நல்ல மணத்துடன் இருக்கும். காய் முதலில் பச்சையாகவோ, வெண்மையில் இளஞ்சிவப்பு படர்ந்தோ இருந்து, பிறகு சிவந்து, பழுத்தபின் கருஞ்சிவப்பாகவோ கறுப்பாகவோ மாறும். சிறுமலை அடிவாரத்திலும் அழகர்மலைப் பக்கமும் கரடுகளில் தானே வளரும் சிறுகளா இதன் தம்பி. அதன் பழம் மிளகைவிடச் சற்றுப் பெரியதாகவே இருக்கும். வீட்டுத் தோட்டத்துக்குப் பெருங்களாவே ஏற்றது.

எச்சரிக்கை ஒன்று

நடுமுன் ஒரு முக்கியச் செய்தியை மனத்தில் கொள்ள வேண்டும். நம் ஊர் வேலிகளில் அழகுக்காக வைக்கப்படும் பொன்னரளியும் இதே குடும்பம்தான். அதிலும் பால் வடியும். அதன் காயும் முதலில் பச்சையாக இருந்து பின்னர் கறுக்கும். ஆனால் அதன் விதை உயிரைக் குடிக்கும் நஞ்சு. களாப்பழம் பறித்துத் தின்று பழகிய குழந்தை பொன்னரளிக் காயையும் அதுபோல் எண்ணி வாயில் வைத்துவிடக்கூடும். ஆகவே களா வேலி வைக்கும் தோட்டத்தில் பொன்னரளியும் அரளியும் கூடவே கூடாது. முன்பே இருந்தால் வேரோடு எடுத்துவிட்டுப் பிறகு களாவை நடவும். முள் உள்ளது களா, முள் இல்லாதது பொன்னரளி என்ற வேறுபாட்டைக் குழந்தைகளுக்குச் செடியருகே நிறுத்திக் காட்டிச் சொல்லித் தரவும். தவறி எவரேனும் பொன்னரளிக் காயைத் தின்றுவிட்டால், கைவைத்தியம் பார்த்துக் கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

மண்ணும் தட்பவெப்பமும்

திண்டுக்கல் மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையாகக் கிடைத்துவிடும். மாசியிலிருந்து ஆனி வரை வானம் பார்த்துக் கிடக்க வேண்டிய காலம். வேர் பிடித்த களாவுக்கு இது பொருந்தும். செம்மண், சரளை மண், பாறை கலந்த கரட்டு நிலம், ஓரளவு உப்புத்தன்மையுள்ள நிலம் ஆகியவற்றிலும் வளரும். சின்னாளப்பட்டி, வெள்ளோடு பக்கத்துத் திராட்சைப் பந்தலைப் போல இதற்குக் கல்தூணும் கம்பியும் தொடர்ந்த பாசனமும் தேவையில்லை.

இச்செடிக்கு ஆகாதது ஒன்றுதான். வேரில் நீர் தேங்குதல். களிமண் நிலத்திலும், கார்த்திகை மழையில் நீர் நிற்கும் பள்ளத்திலும் நடக்கூடாது. அத்தகைய இடமாயின் ஒரு அடி உயரத்துக்கு வரப்பு அணைத்து அதன்மேல் நடவும்.

எத்தனை செடி, எந்தப் பக்கம்?

ஆர்வத்தில் நான்கு பக்கமும் நட்டுவிட்டுப் பிறகு வருந்துவோர் உண்டு. ஆகவே முதலில் கணக்குப் பார்ப்போம்.

ஐந்து சென்ட் என்பது 2,178 சதுர அடி. சதுரமான இடமானால் ஒரு பக்கம் ஏறத்தாழ 47 அடி. வளர்ந்த களா வேலி அடியில் 4 அடி அகலம் பிடிக்கும். ஆகவே எல்லைக் கோட்டிலிருந்து 2 அடி உள்ளே தள்ளியே நட வேண்டும். இல்லாவிட்டால் முள் பக்கத்து வீட்டாரின் இடத்தில் நீட்டும், உறவு கெடும். இவ்வாறு நான்கு பக்கமும் நட்டால் வேலியின் நீளம் சுமார் 170 அடி. அது பிடிக்கும் இடம் 680 சதுர அடி, அதாவது ஒன்றரை சென்ட்டுக்கும் மேல். ஐந்து சென்ட்டில் ஒன்றரை சென்ட்டை வேலிக்கே கொடுப்பது கட்டாது.

எனவே ஐந்து சென்ட் தோட்டத்தில் தெருப் பக்கமும் ஆடு வரும் பக்கமும் ஆக இரண்டு பக்கங்களில் மட்டும் நடுவது போதும். வழிக்கு 4 அடி விட்டு, செடிக்குச் செடி 3 அடி இடைவெளியில் 27 அல்லது 28 கன்றுகள் தேவைப்படும். பட்டுப்போகும் கன்றுகளுக்கு ஈடாக ஐந்தாறு கன்றுகளைக் கூடுதலாக வளர்த்து வைக்கவும். மற்ற இரு பக்கங்களில் வழக்கமான கிளுவை வேலியே இருக்கலாம். கிளுவை குறைந்த அகலத்தில் அடங்கும்.

வேலி தேவையில்லை, காய் மட்டும் போதும் என்போர் தோட்டத்தின் ஒரு மூலையில் இரண்டு செடிகளை 10 அடி இடைவெளியில் வைத்தால் ஒரு குடும்பத்துக்குப் போதும். நடைபாதை, துணி காயப்போடும் கொடி, குழந்தைகள் விளையாடும் இடம் ஆகியவற்றுக்கு அருகில் வேண்டாம்.

இரகங்கள்

உத்தரகாண்ட் மாநிலத்தில் உள்ள பந்த்நகர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் பந்த் மனோகர், பந்த் சுதர்சன், பந்த் சுவர்ணா ஆகிய இரகங்களை வெளியிட்டுள்ளது. மகாராஷ்டிர மாநிலம் தாபோலியில் உள்ள கொங்கண் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ‘கொங்கண் போல்டு’ பெரிய காய் கொண்டது. இத்தகைய இரகங்களின் பதியன் கன்று கிடைத்தால் வாங்கி நடலாம். நாற்றங்காலில் வாங்கும்போது அது பதியன் கன்றா, விதைக் கன்றா என்று கேட்டுத் தெரிந்து கொள்ளவும். விதைக் கன்று தாய்ச்செடியின் குணத்தை அப்படியே கொண்டிராது.

வேலிக்கு நிறையக் கன்றுகள் தேவைப்படுவதால், பெரிய காய் தரும் நல்ல உள்ளூர்ச் செடி ஒன்றைத் தேர்ந்தெடுத்து விதை எடுப்பதே சிக்கனமானது. காய்க்கும் காலத்தில் நேரில் பார்த்து, காய் பெரியதாகவும் சதைப்பற்றுடனும் கொத்து நிறையவும் உள்ள செடியை அடையாளம் வைத்துக் கொள்ளவும்.

கன்று தயாரித்தல்

களா விதையை எடுத்து வைத்திருந்து அடுத்த ஆண்டு விதைக்க இயலாது; முளைப்புத்திறன் விரைவில் போய்விடும். ஆனி, ஆடியில் நன்கு கறுத்துப் பழுத்த பழங்களைப் பறித்து, நீரில் பிசைந்து விதையைப் பிரிக்கவும். சாம்பல் கலந்து தேய்த்துக் கழுவினால் வழவழப்பு நீங்கும். நிழலில் ஓரிரு நாள் உலர்த்தி உடனே விதைத்துவிட வேண்டும்.

செம்மண், மணல், மக்கிய தொழு உரம் ஆகிய மூன்றையும் சமமாகக் கலந்து நாற்றுப் பைகளில் நிரப்பவும். பைக்கு இரண்டு விதைகளை அரை அங்குல ஆழத்தில் ஊன்றிப் பூவாளியால் நீர் தெளிக்கவும். இரண்டு மூன்று வாரங்களில் முளைக்கும். பிறகு வலுவான நாற்று ஒன்றை விட்டு மற்றதைக் களையவும். நாற்று மெதுவாகத்தான் வளரும், பொறுமை தேவை. ஓராண்டு வளர்ந்து, ஒரு சாண் உயரத்துக்குக் குறையாத கன்றையே நடவேண்டும். இந்த ஆவணியில் விதைத்தது அடுத்த ஆண்டுப் புரட்டாசியில் நடவுக்கு ஆகும்.

குச்சி நட்டு வேர்பிடிக்கச் செய்வது களாவில் எளிதன்று. நல்ல செடி ஒன்றிலிருந்து சில கன்றுகள் மட்டும் வேண்டுமானால் மழைக்காலத்தில் விண்பதியன் போடலாம். பென்சில் பருமனுள்ள கிளையில் ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, வடியும் பாலைத் துடைத்துவிட்டு, வேரூக்கி மருந்தைத் தடவி, ஈரமான தென்னை நார்க்கழிவை வைத்துப் பிளாஸ்டிக் தாளால் காற்றுப் புகாமல் கட்டவும். வேர் வெளியே தெரிந்தபின் வெட்டி எடுத்துப் பையில் வைத்து, நிழலில் தேற்றி நடவும்.

நடவு

ஆவணியிலேயே ஒன்றரை அடி நீள, அகல, ஆழக் குழிகளை எடுத்து வெயிலில் ஆற விடவும். வேலியாக நடுவோர் தனித்தனிக் குழிக்குப் பதிலாக ஒன்றரை அடி அகலமும் ஆழமும் உள்ள தொடர் பள்ளமாக எடுப்பது நல்லது. குழி ஒன்றுக்கு மக்கிய தொழு உரம் 10 கிலோ, வேப்பம் பிண்ணாக்கு 200 கிராம் ஆகியவற்றை மேல்மண்ணுடன் கலந்து நிரப்பவும். செம்மண் கரட்டில் கறையான் தொல்லை மிகுதி; வேப்பம் பிண்ணாக்கு அதற்குத்தான். மக்காத எருவைப் போட்டால் கறையானை நாமே விருந்துக்கு அழைத்ததாகும்.

புரட்டாசிக் கடைசியில் அல்லது ஐப்பசியில், ஒன்றிரண்டு நல்ல மழை பெய்து மண் நனைந்தபின் நடவும். பையைக் கிழித்து, வேர்மண் உதிராமல் வைத்து, சுற்றிலும் மிதித்து இறுக்கி, ஒரு பாத்தி கட்டவும்.

முதல் இரண்டு கோடைகள்

களாவைப் பற்றிய பெரிய தவறான எண்ணம் இங்கேதான் இருக்கிறது. வறட்சி தாங்கும் செடி என்று கேள்விப்பட்டவர்கள் நட்ட நாளிலிருந்தே அதை வானத்தை நம்பி விட்டுவிடுகிறார்கள். வறட்சியைத் தாங்குவது ஆழமாக வேர் இறங்கிய செடி. ஐப்பசியில் நட்ட கன்றின் வேர் மாசிக்குள் அவ்வளவு ஆழம் போயிராது. மேல்மண் காய்ந்தால் கன்றும் காயும்.

ஆகவே முதல் கோடையில் வாரம் ஒரு முறை கன்றுக்கு 5 லிட்டர் நீர் ஊற்ற வேண்டும். இரண்டாம் கோடையில் 10 முதல் 15 நாளைக்கு ஒரு முறை, சற்று அதிகமாக ஊற்றினால் போதும். 27 கன்றுகளுக்கு வாரத்துக்கு 135 லிட்டர், அதாவது 15 லிட்டர் குடத்தில் ஒன்பது குடம். குளித்த நீர், பாத்திரம் கழுவிய நீர் ஆகியவற்றையும் பயன்படுத்தலாம். சலவைத் தூள் கரைந்த நீரை இளங்கன்றுக்கு ஊற்றாமலிருப்பது நல்லது. பாத்தியில் நிலக்கடலைத் தோல், தென்னை மட்டை, சருகு என்று கிடைப்பதைப் பரப்பினால் ஈரம் நிற்கும். இந்த இரண்டு கோடைகளையும் தாண்டிய செடி பிறகு உங்களிடம் தண்ணீர் கேட்காது.

இரண்டாவது ஆபத்து ஆடு. வளர்ந்த களாவின் முள்ளுக்கு அஞ்சும் ஆடு, இளங்கன்றின் கொழுந்தை விடாது. ஆட்டைத் தடுப்பதற்கு நடும் செடியை முதலில் ஆட்டிடமிருந்து காப்பாற்ற வேண்டியிருக்கிறது. கன்று வரிசையின் இரு பக்கமும் இலந்தை முள்ளையோ வேலிக்கருவை முள்ளையோ வெட்டி அடுக்கவும். வேலிக்கருவையானால் நெற்றுள்ள கிளைகளைத் தவிர்க்கவும். விதை விழுந்து முளைத்தால் களாவை மேலெழ விடாது. இந்த முள் அடைப்பை மூன்று ஆண்டுகள் வரை புதுப்பித்து வர வேண்டும்.

எரு இடுதல்

மூன்றாம் ஆண்டு முதல் ஒவ்வோர் ஆண்டும் புரட்டாசியில் செடிக்கு 10 முதல் 15 கிலோ மக்கிய தொழு உரம் இட்டுக் கொத்திவிடவும். தழைச்சத்து உரத்தை அதிகமாகப் போட்டால் இலையும் தண்டும் கொழிக்கும், காய் குறையும்.

கவாத்து: வேலியும் வேண்டும், காயும் வேண்டும்

இப்போது கட்டுரையின் முக்கியமான பகுதிக்கு வருவோம்.

களாச் செடியின் பூங்கொத்து கிளையின் நுனியில் தோன்றுகிறது. மழைக்காலத்தில் விட்ட புதுத் தளிர் முற்றி, அதன் நுனியில் மாசி, பங்குனியில் பூ வருகிறது. ஆகவே தை மாதத்தில் வேலியைக் கத்தரித்தால் அந்த ஆண்டின் பூ முழுவதும் கத்தரியோடு போய்விடும். நம் ஊரில் பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போதுதான் வேலியையும் ஒழுங்கு செய்யும் வழக்கம் இருக்கிறது. மற்ற வேலிகளுக்கு அதனால் நட்டமில்லை. களாவுக்கு அதுவே கேடு. இதை எழுதும் நானும் இந்தப் பாடத்தை ஏட்டில் படித்திருந்தும், குடியிருந்த வீட்டுக் களா வேலியை ஒரு பொங்கலுக்கு முன்பு அழகாகக் கத்தரித்துவிட்டு, ஆனியில் ஒரு கைப்பிடிக் காய்க்கு வேலி முழுவதும் தேடியவன்தான்.

சரியான காலம், பழம் பறித்து முடிந்தபின், ஆவணிக் கடைசி முதல் புரட்டாசி முடிய. அப்போது வெட்டினால் அடுத்து வரும் பருவமழையில் நிறையத் தளிர்கள் விட்டு, அவை மாசிக்குள் முற்றிப் பூக்கும். ஐப்பசிக்குப் பிறகு ஆடி முடியும் வரை கத்தரியை எடுக்கக்கூடாது. வழியில் நீட்டும் ஒரு கிளையை வெட்டுவதில் தவறில்லை.

உருவாக்கும் முறை: நட்டு வேர்பிடித்தபின், முதல் ஆண்டின் இறுதியில் நுனியை ஒன்றரை அடி உயரத்தில் வெட்டவும். வெட்ட மனம் வராது. ஆனால் வெட்டாவிட்டால் செடி மேலே போகும், அடியில் ஆடு நுழையச் சந்து இருக்கும். இரண்டாம் ஆண்டு 3 அடியிலும், மூன்றாம் ஆண்டு நாலரை அடியிலும் வெட்டவும். இந்த ஆண்டுகளில் காய்க்கு ஆசைப்படாமல் அடிக்கிளைகளை நிறைப்பதே நோக்கமாக இருக்க வேண்டும். வேலி எப்போதும் அடியில் அகலமாகவும் மேலே குறுகலாகவும் இருக்கட்டும். மேலே அகன்றால் அடிக்கிளைகளுக்கு வெயில் படாது. அவை பட்டுப்போய் அடி வெறுமையாகிவிடும்.

நான்காம் ஆண்டிலிருந்து ஒரு எளிய முறையைக் கைக்கொள்ளவும். தெருவைப் பார்த்த வெளிப்புறத்தையும் உச்சியையும் ஆண்டுதோறும் புரட்டாசியில் நன்றாகக் கத்தரிக்கவும், அது வேலி. தோட்டத்தைப் பார்த்த உட்புறத்தில் பட்ட குச்சி, நோயுற்ற குச்சி, ஒன்றன்மேல் ஒன்று உரசும் கிளை ஆகியவற்றை மட்டும் நீக்கி, மற்றதை அப்படியே விடவும், அது காய்க்கு. காய் உட்புறம் வருவதால் பறிப்பதும் எளிது, தெருவில் போவோர் முள்ளில் மாட்டிக் கொள்வதும் இல்லை.

வெட்டிய முட்களை அன்றே பொறுக்கிவிட வேண்டும். காய்ந்த களா முள் செருப்பையும் துளைக்கும். பால் கண்ணில் படாமலும் துணியில் கறையாகாமலும் பார்த்துக் கொள்ளவும்.

பயிர்ப் பாதுகாப்பு

களாவில் பூச்சி, நோய்த் தொல்லை குறைவு. மழைக்காலத்தில் இலையைத் தின்னும் புழுக்கள் சில சமயம் கூட்டமாக வரும்; குச்சியை ஒரு சாக்கின்மேல் தட்டிப் பொறுக்கி அழிக்கலாம். தண்டில் செதில் பூச்சியோ மாவுப்பூச்சியோ கண்டால், தாக்கிய குச்சிகளை வெட்டி எரித்து, 10 லிட்டர் நீருக்கு 30 மில்லி வேப்பெண்ணெயும் கரைவதற்குச் சிறிது காதி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கவும். தொடர்மழையில் இலையிலும் காயிலும் கரும்புள்ளிகள் தோன்றி நுனிக்குச்சி கருகினால், கருகியதற்குக் கீழே நல்ல பச்சைப் பகுதியோடு சேர்த்து வெட்டி எரிக்கவும். வீட்டார் பறித்துத் தின்னும் செடியாதலால் கடும் பூச்சிக்கொல்லிகளைத் தவிர்க்கவும். கட்டுப்படாவிட்டால் தோட்டக்கலை அலுவலரிடம் மாதிரியைக் காட்டிக் கேட்டுச் செய்யவும்.

அறுவடையும் மகசூலும்

விதைக் கன்று மூன்றாம் ஆண்டு முதல் ஒன்றிரண்டாகக் காய்க்கத் தொடங்கும். காய் பிடித்து 100 முதல் 110 நாளில் பழுக்கும். ஊறுகாய்க்குச் சித்திரைக் கடைசியிலும் வைகாசியிலும் பச்சைக் காயாகவும், ஜெல்லிக்கு ஆனியில் சிவந்த செங்காயாகவும், தின்பதற்கும் விதைக்கும் நன்கு கறுத்த பழமாகவும் பறிக்கவும். எல்லாம் ஒரே நாளில் முதிராது; மூன்று நான்கு முறை பறிக்க வேண்டும். பறிக்கும்போது முழங்கை வரை பழைய சாக்குத் துணியைச் சுற்றிக் கொள்ளவும். பச்சைக் காய் நிழலில் ஒரு வாரம் இருக்கும். பழம் இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது.

தனிச்செடியாக விட்டு நன்கு பராமரித்தால் 4 முதல் 5 கிலோ காய் கிடைக்கும். ஒரு பக்கம் கத்தரிக்கப்படும் வேலிச் செடியில் அதில் பாதி கிடைத்தாலே நல்ல மகசூல். பங்குனியில் காய் பிடித்தபின் ஒன்றிரண்டு முறை நீர் கொடுக்க முடிந்தால் பிஞ்சு உதிர்வது குறையும்.

வீட்டில் பயன்படுத்துதல்

களாக்காயில் வைட்டமின் சி சத்தும் இரும்புச் சத்தும் உள்ளன. கட்டியாக உறையச் செய்யும் பெக்டின் என்ற பொருள் செங்காயில் மிகுதி. ரொட்டிக் கடைகளில் கேக்கின்மேல் சிவப்பாக வைக்கும் ‘செர்ரி’யில் பெரும்பகுதி, களாக்காயின் விதையை நீக்கிச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்துச் சாயமேற்றியதே என்பது பலருக்குத் தெரியாது.

ஊறுகாய்: பச்சைக் காய் ஒரு கிலோவை இரண்டாகக் கீறி விதையை எடுத்து, உப்பு நீரில் போட்டுப் பால் போகக் கழுவி, துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்தவும். 150 கிராம் உப்புச் சேர்த்து இரண்டு நாள் ஊறவிட்டு, 75 கிராம் மிளகாய்த் தூளும் சிறிது வெந்தயப் பொடியும் பெருங்காயமும் கலந்து, காய்ச்சி ஆறிய 200 மில்லி நல்லெண்ணெய் ஊற்றி ஜாடியில் வைக்கவும்.

ஜெல்லி: செங்காய் முக்கால் பங்கு, பழம் கால் பங்கு எடுத்து, மூழ்கும் அளவு நீர் விட்டு வேகவைத்து, பிழியாமல் துணியில் வடிக்கவும். ஒரு டம்ளர் சாற்றுக்கு முக்கால் டம்ளர் சர்க்கரை சேர்த்துக் காய்ச்சவும். ஒரு சொட்டைக் குளிர்ந்த நீரில் விட்டால் கரையாமல் உருண்டு நிற்கும் பதத்தில் இறக்கவும். காய் மிகப் புளிப்பாதலால் அலுமினியப் பாத்திரம் ஆகாது; எவர்சில்வர் அல்லது மண்பானையே ஏற்றது.

விற்பனை பற்றி ஒரு சொல்

களாவை ஏக்கர் கணக்கில் பயிரிட்டால் இலாபம் என்று யாரேனும் சொன்னால் உடனே நம்பிவிட வேண்டாம். தக்காளிக்கும் முருங்கைக்கும் ஒட்டன்சத்திரம் சந்தை இருப்பது போல் களாவுக்கு நிலையான சந்தை நம் பக்கம் இல்லை. பறிக்கும் கூலியும் அதிகம். வீட்டுத் தேவை போக மிஞ்சும் காயை உழவர் சந்தையிலோ, ஊறுகாய் தயாரிக்கும் மகளிர் குழுக்களிடமோ கொடுக்கலாம். அதிகமாக நடுவதானால், வாங்குவோர் யார் என்பதை முதலில் உறுதி செய்துகொண்டு நடவும். இச்செடியால் வரும் முதல் ஆதாயம், முள்கம்பிக்குச் செலவிடாத பணமும் ஆடு தின்னாமல் மிஞ்சும் கத்தரியும் வெண்டையுமே. காய் அதற்கு மேல் வரும் வரவு.

மாத வாரியான வேலைகள்

ஆனி, ஆடி: பழம் பறித்தல், விதை எடுத்து உடனே விதைத்தல்.
ஆவணி: குழி அல்லது பள்ளம் எடுத்தல், மாதக் கடைசியில் கவாத்து தொடங்குதல்.
புரட்டாசி: கவாத்தை முடித்தல், தொழு உரம் இடுதல், மழை கிடைத்தால் நடவு.
ஐப்பசி, கார்த்திகை: நடவு, நீர் தேங்காமல் வடித்தல், புழுக்களைக் கவனித்தல்.
மார்கழி, தை: கத்தரி படக்கூடாத காலம், பாத்தியில் சருகு பரப்புதல்.
மாசி, பங்குனி: பூக்கும் காலம், இளங்கன்றுகளுக்கு நீர்.
சித்திரை, வைகாசி: இளங்கன்றுகளுக்குத் தவறாமல் நீர், ஊறுகாய்க்குப் பச்சைக் காய் பறித்தல்.

திண்டுக்கல் சமவெளி விவசாயப் பெருமக்கள் தங்கள் வீட்டுத் தோட்டத்தில் ஆடு புகும் பக்கத்தைப் பார்த்து இவ்வாண்டு சில களாக் கன்றுகளையாவது நடலாம். இரண்டு கோடை நீர் ஊற்றி, மூன்று ஆண்டு முள் அடைத்து, ஆண்டுக்கு ஒரு முறை புரட்டாசியில் மட்டும் கத்தரி பிடித்தால், வேலியும் நிற்கும், ஊறுகாய் ஜாடியும் நிறையும்.